ரெக்சின் கோடாலி

அன்றைக்கு அந்தப் புல்தரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் மனைவி பேச்சியம்மாள். அவள் தம்பி முருகையா. பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். ரிசார்ட் மேனேஜர் செந்தில், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் சுடலை.

ஆறாவதாக மாமரத்தில் ஒரு குரங்கு இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறாள் பேச்சி. நடந்ததை முழுசாகப் பார்த்தது அது ஒன்றுதான் என்பதால் நான் சேர்க்கிறேன். முக்கியமான நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆட்களை இப்படி எண்ணிச் சொல்லக் காரணம் உண்டு. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பர்ஸைத் தொலைத்த கதையை எழுதினேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் கடைக்கே வந்துவிட்டார்கள். அன்றைக்கு நாங்களும் கூட இருந்தோம், எங்கள் பெயரை ஏன் விட்டாய் என்று சண்டை. ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இன்னொருவர் வடையும் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல் கையைத் தொடையோடு ஒட்டி நின்றிருந்தேன். குற்றாலத்துச் சாரல் முகத்தில் ஊசி ஊசியாக விழுந்தது. மூன்றடி தள்ளி முருகையா. அவன் கையில் ஒரு கைக்கோடாலி. அதைச் செய்தவன் நான். அது பட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவனும் நான். ஆகும் என்று தெரிந்த ஒரே ஆளும் அந்த நேரத்தில் நான்தான்.

கூரையில் ஒரு விரிசல்

நான் பயந்த சுபாவம் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதற்கு வறுமை காரணமில்லை. வாத்தியாரின் பிரம்பும் இல்லை. கூரையில் ஒரு விரிசல்.

என் பெஞ்சுக்கு நேர் மேலே, ஃபேன் கொக்கியிலிருந்து கிளம்பி, பல்லி வால் மாதிரி வளைந்து போகும். கரும்பலகையைப் பார்த்த நேரத்தைவிட நான் அதைப் பார்த்த நேரம் அதிகம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது அரை அங்குலம் வளர்ந்திருப்பதாகத் தோன்றும். கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன்.

"விழட்டும்லே. ஒன் மார்க்கைப் பாத்து அது எப்பமோ விழுந்திருக்கணும்" என்றார்.

அப்பா என்னை ஒரு குஷன் கடையில் சேர்த்துவிட்டார். அங்கே கூரை தார்ப்பாய். கிழிந்தால் நாமே தைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பள்ளிக் கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் அந்த வகுப்பறையில்தான் ஓட்டுப் போடுகிறேன். போட்டுவிட்டு மேலே பார்க்காமல் வந்துவிடுவேன்.

பிறகு தென்காசியில் சொந்தக் கடை. ஆட்டோ சீட்டு, பைக் சீட்டு, டிராக்டர் சீட்டு எல்லாம் தைப்பேன். இந்தத் தொழிலில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. சீட்டின் ஓரத்தில் இரண்டு பித்தளை வளையம் பதித்து ஓட்டை விடுவோம். அது இல்லையென்றால் ஆள் உட்காரும்போது உள்ளே இருக்கும் காற்று போக வழி தெரியாமல் தையல் வழியாகச் சத்தமாக வெளியேறும். பழி உட்கார்ந்தவர் மேல் விழும். அப்படி ஒரு சம்பந்தமே தட்டிப்போயிருக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்தது என் முதலாளி தைத்த சோபா. அன்றிலிருந்து வளையம் இல்லாமல் எதையும் நான் தைத்ததில்லை. என் கை தானாகவே அதைப் பதித்துவிடும்.

பட்டாளத்துக் கோடாலி

முருகையா ஊருக்கு வந்து முதலில் ஒரு நகைக்கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான். வருகிறவர்கள் அவனிடம் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்கள். பதினோராவது நாள் வேலையை விட்டான். அடுத்து சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட் காவல். புதன்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

பேச்சிக்குச் சோறு இறங்கவில்லை. "பதினேழு வருசம் எல்லையில நின்னான். இனி எவன் வீட்டு கேட்டுலயோ நின்னுக்கிட்டு, வாற கார் நம்பரை எழுதணுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எல்லையில் அவனை நிறுத்தியது நான்தான் என்பதுபோல.

அந்த நேரத்தில்தான் இலஞ்சி தாண்டி உள்ள ஒரு ரிசார்ட்டிலிருந்து, பட்டாளத்துக்காரன் என்று கேள்விப்பட்டு முருகையாவைக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கம்பெனி ஆட்கள் கூட்டமாக வருவார்களாம். அருவியில் அரை மணி நேரம் குளித்து முடித்ததும் அடுத்து என்ன என்று மேனேஜரைக் கேட்பார்களாம். கயிறு இழுத்தாயிற்று, சாக்குக்குள் காலை விட்டுக் குதித்தாயிற்று. புதிதாக ஏதாவது வேண்டும்.

முருகையாவுக்கு ஒரு வித்தை தெரியும். ஒரு கூட்டுப் பயிற்சி முகாமில் வெளிநாட்டுச் சிப்பாய் ஒருவனிடம் கற்றது. டோமஹாக் என்கிறான். பார்த்தால் விறகு பிளக்கிற கோடாலிக்குப் பிறந்த கைக்குழந்தை. ஆனால் அதை அவன் சுழற்றினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் வீட்டுக் கொல்லையில் குலை தள்ளிய வாழை ஒன்றை ஒரே வீச்சில் இரண்டாக்கிக் காட்டினான். அழகாக இருந்தது. பழம் பழுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

மேனேஜர் செந்திலுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் நிபந்தனை போட்டார்.

"இரும்பு ஆகாதுங்க. அடிபட்டாலும் வலிக்காத மாதிரி ஒண்ணு செஞ்சு கொண்டுவாங்க. செஞ்சவரு கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணும். திங்கக்கெழமை ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. சரியா இருந்தா சீசன் முடியற வரைக்கும் சனி, ஞாயிறு உங்களுக்குத்தானுங்க."

திங்களில் தேறினால் ஊர். தேறாவிட்டால் புதன்கிழமை ரயில்.

எடைச் சண்டை

முருகையா இரும்புக் கோடாலியைக் கொண்டுவந்து என் தையல் மிஷின் பக்கத்தில் வைத்தான். நான் முதலில் செய்த காரியம் ஷட்டரைப் பாதி இறக்கியது.

அட்டையில் அதன் உருவத்தை வரைந்து வெட்டிக்கொண்டேன். பிடிக்கு மண்வெட்டிக் காம்பு வைக்கலாமா என்று பார்த்தேன். வைத்து, என் முழங்கால் எலும்பில் நானே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிறகு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். அதன் மேல் சைக்கிள் டியூபை இழுத்து மாட்டி, அதன் மேல் ஒரு சுற்று ஸ்பாஞ்சு. குழாயின் இரண்டு வாயிலும் ஸ்பாஞ்சு உருண்டை. தலைக்கு இரண்டு கனமான ஸ்பாஞ்சு, தொங்கிப் போகாமலிருக்க நடுவே மடித்த டியூப். முனைகளை எல்லாம் வட்டமாக்கினேன். ஒரு தடவை வட்டமாக்கிவிட்டு, பயந்துபோய் இன்னொரு தடவை வட்டமாக்கினேன்.

"என்ன அத்தான், இது கோடாலியா தோசைக் கரண்டியா?" என்றான் முருகையா.

மேல் உறைக்கு, ஒரு ஆட்டோவுக்குத் தைத்து மிஞ்சிய ரெக்சின் இருந்தது. தக்காளிச் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் பட்டை.

"எதிரி சிரிச்சே செத்துருவான்."

"சாவட்டும். என் கோடாலி பட்டுச் சாவக்கூடாது."

அடுத்து எடை. நிஜக் கோடாலி எழுநூறு கிராம். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் என்னுடையதை வைத்தோம். இருநூற்றைம்பது. "கை பழகணும்னா எடை வேணும் அத்தான். காத்தை வீசுனா சண்டை வருமா? குழாயில மண்ணு போடுங்க" என்றான். சண்டை வரக்கூடாது என்பதற்குத்தானே இத்தனை பாடு என்று எனக்குத் தோன்றியது.

அவன் மாலையில் வந்து குழாயில் மண்ணை அடைப்பான். நான் காலையில் வந்து கொட்டுவேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நாலாம் நாள் அவனுக்கு மண்ணும் பொறுமையும் தீர்ந்தன.

ஆறு கோடாலி முடித்தேன். ஒவ்வொன்றையும் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் என்னையே அடித்துப் பார்த்தேன். தொடையில், முதுகில், நெற்றியில். நெற்றியில் அடித்துக்கொண்டிருக்கும்போது சீட்டு வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்றார்.

"அண்ணாச்சி, வீட்டுல எதும் பிரச்சினையா?"

கடைசியாக, ஆறின் தலையிலும் ஓரத்தில் இரண்டு பித்தளை வளையம். யாரும் கேட்கவில்லை. கோடாலி மேல் யாரும் உட்காரப் போவதுமில்லை. கை பதித்துவிட்டது.

மூட்டை மேலே

திங்கட்கிழமை காலை ஆறு கோடாலியையும் ஒரு உரச்சாக்கில் போட்டுக் கட்டினேன். சுடலை ஆட்டோ வந்தது. பேச்சியும் ஏறிக்கொண்டாள். "ரூமுக்கு ஒரு நாளைக்கு ஆறாயிரம் வாங்குதானாமே, உள்ள என்னதான் வச்சிருக்கான்னு பாத்துட்டு வாறேன்" என்றாள்.

சீசன் நேரம், குற்றாலம் ரோட்டில் போலீஸ் நிற்பார்கள். எங்கள் ஜில்லாவில் வண்டியில் அரிவாள், கோடாலி உருவத்தில் என்ன இருந்தாலும் முதலில் ஆளை இறக்கிவிட்டுத்தான் பேச்சு. ஸ்பாஞ்சு என்று நான் விளக்குவதற்குள் என்ன ஆகும்? என் குரல் வேறு அந்த நேரத்தில் கொலை செய்தவன் குரல் மாதிரி ஆகிவிடும்.

எனவே மூட்டையை உள்ளே வைக்காமல் ஆட்டோவின் கூரைக் கேரியரில் கட்டச் சொன்னேன். கேட்டால், யார் கட்டினார்களோ தெரியாது என்று சொல்லலாம்.

"என் ஆட்டோ மேல யாரு அண்ணாச்சி வந்து கெட்டுவா?" என்றார் சுடலை.

போலீஸ் கை காட்டிப் போகச் சொன்னார்கள். மூட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. சாரல் மட்டும் வழி நெடுக அதன் மேல் பெய்தது. உள்ளே நாங்கள் நனையாமல் வந்தோம்.

செய்தவர் நிற்கட்டும்

புல்தரையில் முருகையா மூட்டையை அவிழ்த்தான். ஒரு கோடாலியை எடுத்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அத்தான்! இப்பதான் கைக்குள்ள நிக்குது. மண்ணு போட்டீங்களா? சொல்லவேயில்ல!"

நான் போடவில்லை. அவன் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் ஒரு கோடாக இறங்குவதைப் பார்த்தேன். சீசன் நெரிசலில் ஊர்ந்துவந்த முக்கால் மணி நேரமும் பித்தளை வளையம் வழியாகச் சாரல் உள்ளே போயிருக்கிறது. ஸ்பாஞ்சு தன் தொழிலைச் செய்திருக்கிறது. மளிகைக் கடைத் தராசு இருந்தால் எண்ணூறு கிராம் காட்டியிருக்கும்.

சொல்ல வாயைத் திறந்தேன். மேனேஜர் கையில் ஒப்பந்தக் காகிதத்தோடு நின்றார். முருகையா பட்டாளத்துக் காலத்து நிமிர்வோடு நின்றான். ஊர் திரும்பிய இந்த ஆறு மாதத்தில் அவனை அப்படி நான் பார்க்கவில்லை. பேச்சி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"ஏனுங்க, இதை யாரு செஞ்சதுங்க?" என்று கேட்டார் மேனேஜர்.

"நான்தான் சார்."

"அடிபட்டா ஒண்ணும் ஆகாதுங்கள்ல?"

"ஆவாது" என்றேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். என் கையெழுத்து இயல்பாகவே நடுங்கும். அதனால் சந்தேகம் வரவில்லை.

"அப்ப செஞ்சவரே நிக்கட்டுங்க. தோள்ல ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

இப்படித்தான் நான் கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல் நின்றது.

முருகையா காலை அகட்டி நின்றான். கோடாலியை உயர்த்தினான். இறக்கினான். மறுபடி உயர்த்தினான். வியர்த்தது. சாரலில் ஒருவனுக்கு வியர்ப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"சார், இது எங்க அக்கா மாப்பிள்ளை."

"அதுக்கென்னங்க?"

கோயம்புத்தூர்க்காரருக்கு அதை எப்படிச் சொல்வது? நான் இருக்கும் அறையில் முருகையா நாற்காலியில் உட்கார மாட்டான். அவன் வீட்டுக்குப் போனால் நான் சாப்பிட்டு எழும்வரை நின்றுகொண்டே இருப்பான். சோற்றை விழுங்கிவிட்டு ஓடி வருவேன். பொங்கலுக்குப் பொங்கல் வேட்டி எடுத்துத் தருகிறவன், நாலு பேர் பார்க்க அத்தான் மேல் கோடாலி ஓங்குவதா? எல்லையில் அவன் என்னென்ன பார்த்தானோ, இது அவனுக்குப் பழக்கமில்லை.

"சுடலை அண்ணே, நீங்க ஒரு அடி அடிங்களேன்" என்றான்.

சுடலை இரண்டடி பின்வாங்கினார். "எனக்குச் சீட்டு தச்சுத் தாறேன்னுருக்காரு. பெறவு அதுல ஆணியை வச்சுத் தச்சிட்டா?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காகிதத்தை மடிக்கத் தொடங்கினார். முதல் மடிப்பு விழுந்தது.

"இங்கன குடுலே" என்றாள் பேச்சி.

சாப்பாட்டுத் தூக்கை என் காலடியில் வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கோடாலியை வாங்கி ஒரு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவள் தோளைத்தான் குறிவைத்தாள். கடைசி நொடியில் தலையை உள்ளே இழுத்துச் சாய்ந்தவன் நான். ஆமைக்கு அந்த இடத்தில் ஓடு இருக்கிறது. எனக்கு இடது காது இருந்தது.

தொப்பென்று ஒரு சத்தம். நான் புல்லில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. இரண்டு வளையங்களிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சி அடித்து மேனேஜரின் வெள்ளைச் சட்டை முழுக்க ரெக்சின் சாயம். குரங்கு மரம் மாறிவிட்டது. காதுக்குள் யாரோ தையல் மிஷினை ஓட்டிவிட்டு நிறுத்த மறந்திருந்தார்கள்.

"அய்யோ, ஏதாச்சும் ஆச்சுங்களா?" மேனேஜர் குனிந்து என் பல்லை எண்ணாத குறை.

முருகையா விறைத்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் ஆவல!" என்றேன். காது கேட்காததால் ரிசார்ட் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன். அதை வீரம் என்று எடுத்துக்கொண்டு மேனேஜர் மடித்த காகிதத்தைப் பிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

டீ ஆறிய கதை

எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. சனிக்கிழமை இருபது பேர் வருவார்கள். சாரல் வரும். யாரோ ஒருவருடைய காது. அவர் என்னைப்போல் கத்தாமல் படுத்துவிட்டால்? கையெழுத்து என்னுடையது. பள்ளிக்கூட விரிசல் அந்த டீயில் மிதந்தது.

"சார், ஒரு விசயம்" என்றேன்.

பேச்சி என் காலை மிதித்தாள். இன்னும் அழுத்தி மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. சாக்கு, கேரியர், பித்தளை வளையம், தராசு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காத காதோடு சொன்னதால் சமையல்கட்டில் இருந்தவர்களும் கேட்டார்கள். அடி பலமாகத்தான் விழுந்தது என்றேன். காய்ந்தால் ஒன்றும் ஆகாது, நனைந்தால் ஆகும், குற்றாலத்தில் எது நனையாது என்றேன். முருகையா டீயைக் கீழே வைத்தான். புதன்கிழமை ரயில் அவன் முகத்தில் தெரிந்தது.

மேனேஜர் சட்டை நுனியைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, கையெழுத்துதான் போட்டாச்சுங்களே. சொல்லாமப் போயிருக்கலாமே?"

"போயிருந்தா தூக்கம் வராது சார்."

"இப்ப வருங்களா?"

"இப்பவும் வராது."

அவர் சிரித்துவிட்டார். சாயம் பட்ட சட்டையோடு கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: ஓட்டை இல்லாமல், தண்ணீர் புகாமல் புதிதாக ஆறு வேண்டும். சனிக்கிழமைக்குள் வேண்டும். வாராவாரம் ஆட்டம் தொடங்குமுன், விருந்தாளிகள் பார்க்க, முதல் அடி செய்தவருக்கு. "அம்மா கையாலதானுங்க. அதைப் பாத்தா எல்லாருக்கும் பயம் போயிரும்."

"அதுக்குத் தனியா துட்டு உண்டா?" என்று உடனே கேட்டாள் பேச்சி.

ஒரு அடிக்கு முந்நூறு ரூபாய் என்று முடிவானது. அடி வாங்குவதற்கு எவ்வளவு என்று நான் கேட்டேன். டீ உண்டு என்றார்.

திரும்பும்போது மூட்டையை உள்ளேயே, என் மடியில் வைத்துக்கொண்டேன். வேட்டி நனைந்தது. கேட்கிற காதைப் பேச்சி பக்கம் வைத்து உட்கார்ந்து கேட்டேன்.

"ஏட்டி, கையில வாங்கும்போது நனைஞ்சு கனத்துக் கெடக்குன்னு ஒனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"பெறவு எதுக்கு அடிச்ச?"

"நீங்க வாயைத் தொறந்து சொல்லிருவீங்களோன்னு பயந்துதான் வெரசா அடிச்சேன்."

முன்னால் சுடலை பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த முருகையா திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை அவன் ரயிலேறவில்லை.

புது ஆறையும் லாரித் தார்ப்பாயில் தைத்து, தையல் மேல் பசை பூசி முடித்தேன். வளையம் இல்லை. என் கையை நானே பிடித்துக்கொண்டுதான் முடித்தேன். இரண்டு தடவையும் சேர்த்துப் பன்னிரண்டு கோடாலிக்குச் செலவு மூவாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். அதை முருகையாவிடம் நான் கேட்க முடியாது. மைத்துனனிடம் அத்தான் கை நீட்டக் கூடாதாம். அவனாகத் தரவும் மாட்டான். அத்தானுக்குத் துட்டு எண்ணிக் கொடுத்தால் உறவை வெட்டிவிட்டதாக ஆகிவிடுமாம். இந்த இரண்டு சட்டத்தையும் சொன்ன பேச்சி, வாராவாரம் என்னை அடித்துச் சம்பாதிப்பதிலிருந்து ஐநூறை எடுத்து, காதுக்கு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள். நான் அதைக் கோடாலிக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

பாக்கி இரண்டாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய்.